இன்னொரு பக்கத்து ஜெட்

கண்ணம்மா,

நீ ஆராய்ச்சி பண்ற கேலக்ஸியோட நடுவுல இருந்து பீச்சியடிக்கற ஜெட் ஒரு பக்கம் மட்டும்தான் தெரியுது, அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்ல, டேட்டாவுல ஏதோ கோளாறுன்னு போன்ல சொன்னியே, உன் குரலே டல்லா இருந்துச்சு, அதான் ரெண்டு நாளா இதையே படிச்சுட்டு இருந்தேன்.

கோளாறுன்னு உடனே முடிவு பண்ணாதம்மா. 1918ல வானியலாளர் ஹீபர் கர்ட்டிஸ் எம்87 கேலக்ஸியில பார்த்த ஜெட்டும் ஒரு பக்கமா நீண்ட நேர்க்கோடு மட்டும்தான். ஜெட்ல இருக்கற பிளாஸ்மா, அதாவது மின்னூட்டம் உள்ள வாயு, கிட்டத்தட்ட ஒளி வேகத்துல ஓடுறதால நம்மளப் பார்த்து வர்ற பக்கம் பல மடங்கு பிரகாசமாத் தெரியுது, விலகிப் போற பக்கம் மங்கிப் போயிடுது. அதே காரணத்தாலதான் ஜெட்ல பிரகாசமா இருக்கற முடிச்சு ஒளியவிட வேகமா நகர்ற மாதிரி தோணுதாம். வர்ற பொருள் தன்னோட ஒளியையே கிட்டத்தட்ட தொட்டுகிட்டு வருது, அதனால வருஷக்கணக்குல நடந்தது நமக்கு மாசக்கணக்குல நடந்த மாதிரி வந்து சேருது. ஒளி வேகத்துல 99 சதவீதம், நம்ம பார்வைக் கோட்டுக்கு 10 டிகிரி சாய்வுன்னு வச்சு நானே பேப்பர்ல போட்டுப் பார்த்தேன், தோணுற வேகம் ஒளி வேகத்தப் போல கிட்டத்தட்ட 7 மடங்கு வந்துச்சு! மார்ட்டின் ரீஸ் இத 1966லயே சொல்லிட்டார், 1971லதான் குவாசார்கள்ல, அதாவது ரொம்ப தூரத்துல இருக்கற ரொம்பப் பிரகாசமான கேலக்ஸி மையங்கள்ல, அதப் பார்த்தாங்க, நினைச்சாலே சிலிர்க்குதும்மா.

சரி, அந்தப் பக்கம் நிஜமாவே ஜெட் இருக்கான்னு எப்படித் தெரியும்? இதுக்குத்தான் சிக்னஸ் ஏங்கற ரேடியோ கேலக்ஸியப் பார்க்கணும். 1953ல ஜென்னிசனும் நம்ம தாஸ்குப்தாவும் அளந்தப்போ ரேடியோ அலை கேலக்ஸியில இருந்து வராம அதுக்கு ரெண்டு பக்கமும் வெளிய இருக்கற ரெண்டு பெரிய மேகத்துல இருந்து வந்துச்சு. ஜெட்டுங்கற பேச்சே அப்ப கிடையாது. அந்த மேகங்கள் மெதுவா நகர்றதால ரெண்டும் ஒரே மாதிரி தெரியுது, ரெண்டு பக்கமும் சக்தி போய்ச் சேர்ந்துகிட்டே இருக்குன்னுதானே அர்த்தம்.

உன்னோட டேட்டா கண்டம் விட்டுக் கண்டம் இருக்கற ரேடியோ டெலஸ்கோப் டிஷ்களச் சேர்த்து எடுத்தது, அதுல நுணுக்கமான டீடெய்ல் விழும், பரந்து கிடக்கற மேகம் விழாது. அதனால அதே கேலக்ஸிக்கு கம்மி ஃப்ரீக்வென்சியில, டிஷ்கள் பக்கத்துல பக்கத்துல இருக்கற டெலஸ்கோப்ல எடுத்த மேப் பழசு எதாவது கெடைக்குதான்னு தேடிப் பாரு, அந்தப் பக்கமும் மேகம் இருந்தா ஜெட் அங்கயும் ஓடியிருக்குன்னு தைரியமா எழுதலாம். கேலிப்ரேஷன, அதாவது கருவியோட அளவு சரியா இருக்கான்னு, எதுக்கும் இன்னொரு தடவ பார்த்துடு, ஆனா தூக்கத்த விட்டுட்டுப் பார்க்காத.

மேப் கெடைச்சா எனக்கும் அனுப்பு, எந்த கலர் எவ்வளவு பிரகாசம்னு பக்கத்துலயே எழுதி அனுப்பு.

அப்பா