தண்ணீருக்குள் வைத்த காற்றாலை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடல் ஓதம், அதாவது கடல்நீர் அன்றாடம் ஏறி இறங்குவது, உண்டாக்கும் நீரோட்டத்திலிருந்து மின்சாரம் எடுப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அணை கட்டிக் கடலை மறிக்கும் முறையையும், ஓடும் நீரிலேயே டர்பைனை நிறுத்தும் முறையையும் குழப்பாமல் பிரித்துச் சொன்னதற்கு நன்றி. ஆனால் டர்பைனைத் ‘தண்ணீருக்குள் வைத்த காற்றாலை’ என்று சொன்னதோடு நிறுத்திக்கொண்டது பெருங்குறை. தோற்றம் அப்படித்தான் இருக்கும். இந்த இயந்திரங்கள் எதனால் பழுதாகின்றன என்பதோ அந்த உவமையில் மறைந்துபோகிறது.

கடல்நீர் காற்றைவிட 800 மடங்குக்கு மேல் அடர்த்தியானது. வினாடிக்கு 3 மீட்டர் ஓடும் நீரில் சதுர மீட்டருக்குச் சுமார் 14 கிலோவாட் இருக்கிறது. காற்றில் அவ்வளவு வேண்டுமானால் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் புயல் அடிக்க வேண்டும். 18 மீட்டர் விட்டமுள்ள சுழலி (டர்பைனில் இறக்கைகளோடு சுழலும் பகுதி) இதில் 40 சதவீதத்தைப் பிடித்தால் 1.4 மெகாவாட் கிடைக்கும். அப்போது நீர் அந்தச் சுழலியைத் தள்ளும் விசை ஏறக்குறைய 95 டன். ஆறு மணி நேரம் கழித்து அதே தள்ளல் எதிர்ப்புறத்திலிருந்து வரும். ஸ்காட்லாந்தின் பென்ட்லண்ட் நீரிணையில் உள்ள மேஜென் ஓத மின்திட்டத்தின் டர்பைன்களைத் தாங்கும் முக்காலிக் கால்களில் கனத்த எடைக்கட்டிகளை ஏற்றி வைத்திருப்பது இதற்காகத்தான்.

வேகம் பாதியானால் மின்சாரம் பாதியாகாது, எட்டில் ஒன்றாகிவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி 3 மீட்டர் ஓடும் இடத்தில் அஷ்டமியை ஒட்டி 1.5 மீட்டர்தான் ஓடும் என்றால், அதே சுழலி 175 கிலோவாட்டுக்கு இறங்கிவிடும். ஆகவே ‘இத்தனை மெகாவாட்’ என்ற எண்ணை மட்டும் வைத்து இத்தனை வீடுகளுக்கு மின்சாரம் என்று கணக்குப் போடக் கூடாது.

இதே கணக்கு மறுபுறமும் வெட்டும். நீரோட்டம் மதிப்பிட்டதைவிட 10 சதவீதம் வேகமாக இருந்தால் இறக்கைகள் மீதான விசை 21 சதவீதம் கூடிவிடும். கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் 2009-இல் இறக்கிய 1 மெகாவாட் டர்பைனின் இறக்கைகள் சில வாரங்களிலேயே உடைந்தன. நீரோட்டம் எதிர்பார்த்ததைவிட வலுவாக இருந்தது. கடலடியில் ஒலியலை நீரோட்டமானியை வைத்து, குறைந்தது 30 நாள் தொடர்ந்து, ஒவ்வொரு ஆழத்திலும் அளக்காமல் வடிவமைப்பைத் தொடவே கூடாது. தரையை ஒட்டி நீர் மெதுவாகவும் மேலே வேகமாகவும் ஓடுவதால் ஒவ்வொரு சுற்றிலும் இறக்கை ஒருமுறை கூடுதலாக வளைந்து நிமிர்கிறது. நிமிடத்துக்கு 12 சுற்று என்றால் ஆண்டுக்குப் பல லட்சம் வளைவுகள். இறக்கையின் அடிப்பகுதி களைத்து விரிசல் விடுவது இப்படித்தான்.

சின்னச் சின்னப் பழுதுகளும் உண்டு. சுழல்தண்டு வழியே நீர் உள்ளே புகாமல் தடுக்கும் அடைப்பு வளையத்தை (சீல்) 40 மீட்டர் ஆழத்தில் 4 பார் அழுத்தம் ஓயாமல் நெருக்கும். நீரோடு வரும் மணல் அந்தச் சீலின் முகத்தைத் தேய்க்கும். கப்பலடியில் ஒட்டி வளரும் கொட்டலசு என்னும் ஓட்டுயிர் ஒட்டிய இறக்கை சொரசொரப்பாகி உந்துதலை இழக்கும். கார்பன் இழை இறக்கையை எஃகு போல்ட்டில் நேரடியாகப் பூட்டினால், உப்புநீரில் இரண்டும் ஒரு மின்கலமாகி, போல்ட்டுதான் அரித்துப் போகும். இடையில் மின்காப்பு வளையம் போடுவதும், தாமே அரித்துப்போய்ப் போல்ட்டைக் காக்கும் ‘தியாக’ உலோகக் கட்டிகளைப் பொருத்துவதும் கட்டாயம்.

இவற்றில் எது பழுதானாலும், எப்படி மேலே எடுப்பது? வலுவான நீரோட்டத்தில் மூழ்குநர் இறங்க முடியாது. ஓதம் திரும்பும்போது நீர் நிற்பது அரை மணி நேரம் இருந்தால் அதிகம். அஷ்டமியை ஒட்டி ஓதம் தணிந்திருக்கும் சிற்றோத நாட்களில்தான் அது வேலைக்கு உதவும். அந்த நாட்களில் அலை எழும்பிவிட்டால் அடுத்த வாய்ப்புக்கு இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். அதுவரை இயந்திரம் சும்மா கிடக்க, கப்பல் வாடகை மட்டும் ஓடும். 2008-இல் வட அயர்லாந்தின் ஸ்ட்ராங்ஃபோர்ட் கழியில் நிறுவிய சீஜென் என்ற டர்பைன், சுழலிகளைத் தாங்கும் குறுக்குக்கையைத் தூணின் வழியே மேலேற்றி நீருக்கு வெளியே கொண்டுவந்தது. 2021-இல் ஸ்காட்லாந்தின் ஆர்க்னித் தீவுகளில் நிறுவிய 2 மெகாவாட் ஓ2 என்ற மிதவை டர்பைனில், சுழலிகளைத் தாங்கும் கைகளையே நீர்மட்டத்துக்கு உயர்த்திவிடலாம். நான் மிகவும் மதிக்கும் வடிவமைப்புகள் இவை இரண்டும்தான்.

தொடரின் அடுத்த பகுதியில் ஒவ்வொரு டர்பைனின் திறனோடு அதன் சுழலி விட்டம், அத்திறன் கிடைக்கும் நீரோட்ட வேகம், பழுது பார்க்க மேலே எடுக்கும் முறை ஆகியவற்றையும் சேர்த்து வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்