பானட்டில் கல் பட்ட இடம்

மணவாளக்குறிச்சி,
ஓணம் கழிந்த ஞாயிறு

மக்களே,

நேற்று வீடியோ காலில் காரைச் சுற்றிக் காட்டினாயே, அப்போது பானட்டின் முன் ஓரத்தில், விளக்குக்குக் கொஞ்சம் மேலே, ஒரு புள்ளி தெரிந்தது. என்னது என்று கேட்டால், "லாரி தெறிச்ச கல்லுப்பா, சின்னதுதான், அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு சமையலறையைக் காட்டப் போய்விட்டாய். அம்மா உன் அடுப்பையும் அலமாரியையும் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். நான் அந்தப் புள்ளியையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், ராத்திரி தூக்கமும் சரியாக வரவில்லை, சிரிக்காதே. ஃபோனில் சொன்னால் "சரிப்பா சரிப்பா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் ஒற்றை விரலால் தட்டித் தட்டி இதை எழுதுகிறேன்.

அந்த "அப்புறம் பாத்துக்கலாம்" என்னிடமிருந்துதான் உனக்கு வந்திருக்கிறது. நம் பழைய வெள்ளைக் கார் வயதாகிப்போனதால் விற்றோம் என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறாய்? விற்றது உண்மை, காரணம் வேறு. 2017 நவம்பர் 30, ஒக்கி புயல் அடித்த அன்று, நம் அயனி மரத்தின் கிளை ஒடிந்து பின்சக்கரத்துக்கு மேலே உரசிக்கொண்டு விழுந்தது. பெரிய அடி ஒன்றும் இல்லை, ஒரு விரல் நீளத்துக்குப் பெயிண்ட் போய் தகரம் பளிச்சென்று தெரிந்தது, அவ்வளவுதான். அந்த நாட்களில் அது யார் கண்ணில் படும்? கரண்ட் இல்லை, வாழையும் ரப்பரும் சாய்ந்து கிடக்கிறது, கடற்கரை ஊர்களில் கடலுக்குப் போன ஆண்கள் திரும்பவில்லை என்று பெண்கள் ரோட்டில் உட்கார்ந்து அழுகிறார்கள், நானும் அதே வண்டியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு அங்கும் இங்கும் ஓடினேன். அப்போது பார்க்காததைத் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் கிறிஸ்மஸ் கழிந்தது, பொங்கல் கழிந்தது, நீ லீவுக்கு வந்துவிட்டுக் காலேஜுக்குத் திரும்பியும் போனாய், அப்போதும் பார்க்கவில்லை பார், அதுதான் தப்பு.

சித்திரையில் அந்தக் கீறல் காப்பிப்பொடி நிறத்துக்கு வந்திருந்தது. ஆனியில் மழை பிடித்தது, கூடவே கடல் பக்கமிருந்து உப்புக்காற்று. கீறலைச் சுற்றி நன்றாக இருந்த பெயிண்டும் அப்பளம் மாதிரி பொங்கி எழும்பிவிட்டது, விரலால் அழுத்தினால் நொறுநொறு என்றது. நாகர்கோவிலில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய்க் காட்டினேன், பேர் வேண்டாம். அவர்கள் மேலாகத் தேய்த்து, துருவின் மேலேயே பள்ளத்தை நிரப்புகிற பட்டியைப் பூசி, பெயிண்ட் அடித்து, மினுமினு என்று திருப்பித் தந்தார்கள். 27 வருஷம் கன்னியாகுமரிக்கு டூரிஸ்ட் வண்டி ஓட்டியவன், எனக்குத் தெரியாத வண்டியா என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தவன், நானே ஏமாந்தேன், கேட்டியா. பட்டிக்கு அடியில் துரு சும்மா இருக்குமா? அடுத்த மழைக்கு அது பிளந்து, விரல் உள்ளே போகிற அளவுக்கு ஓட்டை. அப்புறம் தகரத்தை வெட்டி எடுத்து வேறு தகரம் வைத்து வெல்டிங், டிங்கர் வேலை, பெயிண்டிங் என்று போனது. எவ்வளவு ஆனது என்று உன் அம்மாவிடம் இன்றுவரை பாதித் தொகைதான் சொல்லியிருக்கிறேன், நீயும் கேட்காதே. விற்கும்போது வாங்க வந்தவரிடம் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டித்தான் விற்றேன்.

துரு ஏன் இப்படிப் பரவுகிறது என்று தெரிந்தால் நீ தள்ளிப்போட மாட்டாய். இரும்புக்குத் தண்ணீரும் காற்றும் கிடைத்தால் போதும், துரு வந்துவிடும். உப்பு சேர்ந்தால் அந்த ஈரத்தில் மின்சாரம் சுலபமாக ஓடும், துருப்பிடிக்கிற வேலை வேகமாக நடக்கும். போதாததற்கு உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும், அதனால் அந்த இடம் எளிதில் காயாது. துருவுக்கு இரும்பைவிட அதிக இடம் வேண்டும், அது தன்னைச் சுற்றி இருப்பதைத் தள்ளிக்கொண்டு வளரும். அம்மாச்சி வீட்டு சன்ஷேடில் சிமெண்ட் பிளந்து கம்பி வெளியே தெரிந்ததே, அதே கதைதான். சிமெண்டையே பிளக்கிறது என்றால் பெயிண்ட் எம்மாத்திரம். அதனால் மேலே கடுகளவு தெரிந்தால் உள்ளே அவ்வளவுதான் இருக்கும் என்று நம்பக்கூடாது, அது பெயிண்டுக்கு அடியில் பக்கவாட்டில் போய்க்கொண்டே இருக்கும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வள்ளம் கரையேறியதும் மோட்டாரை நல்ல தண்ணீரில் ஓடவிட்டுக் கழுவுகிறவர்களை நீ சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாய். திருவள்ளுவர் சிலையை எடுத்துக்கொள், 133 அடி கருங்கல், அதற்கே சில வருஷத்துக்கு ஒரு தடவை சாரம் கட்டி, நல்ல தண்ணீரில் கழுவி, காகிதக் கூழைப் பூசி, அது உப்பை உறிஞ்சியதும் எடுத்துவிட்டு, மேலே சிலிக்கான் பூச்சு பூசுகிறார்கள். இதை எத்தனை டூரிஸ்டுகளுக்குச் சொல்லியிருக்கிறேன் தெரியுமா, சொல்லிவிட்டு உப்புப் படிந்த காரை அப்படியே வீட்டுக்கு ஓட்டி வருவேன்.

"இங்கே கடல் இல்லை, ஏரிதான், அதுவும் நல்ல தண்ணீர் ஏரி" என்று அங்கிருந்து நீ சொல்வாய். எனக்கும் தெரியும். ஆனால் போன வருஷம் நீயே அனுப்பிய படத்தில் பார்த்தேனே, பனி விழுந்தால் அது உருக ரோட்டில் உப்பைக் கொட்டுகிறார்கள். எங்களுக்கு உப்பு காற்றில் வருகிறது, உங்களுக்கு லாரியில் வருகிறது. இதில் உன் பாடுதான் மோசம், இங்கே மேலே படிகிறது, அங்கே சக்கரம் அள்ளி அடியில் அடிக்கிறது. அதனால் பனிக்கு முன்னால் அந்த இடத்தை அடைத்துவிடு. பெயிண்ட் பிடிக்க 10 டிகிரிக்கு மேலே வேண்டும், ஈரமும் இருக்கக்கூடாது. உனக்கு இருப்பது இன்னும் சில சனிக்கிழமைதான்.

முதலில் எவ்வளவு ஆழம் என்று பார். கார் பெயிண்ட் என்பது ஒரே பூச்சு இல்லை. தகரத்தின் மேல் துரு பிடிக்காமல் இருக்க ஒரு பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி மாதிரி கிளியர் கோட். நாலையும் சேர்த்தால்கூட ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, இல்லையென்றால் அதைவிடக் கொஞ்சம் கூடுதல், தலைமுடி ஒன்றிரண்டின் தடிமன், அவ்வளவுதான். நகத்தால் தடவிப் பார், நகம் தட்டாவிட்டால் கிளியர் கோட்டில் மட்டும் பட்டிருக்கும், பாலிஷ் போட்டால் போதும். நகம் தட்டி உள்ளே உன் காரின் சாம்பல் இல்லாத வேறொரு சாம்பல் நிறம் தெரிந்தால் பெரும்பாலும் பிரைமர், நல்ல காலம். பளபளப்பாகத் தெரிந்தால் தகரம். காப்பிப்பொடி நிறம் என்றால் வேலை கொஞ்சம் கூடும், ஆனாலும் உன்னால் முடியும்.

இதற்கு முன்னால் ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி பானட்டில் வைத்துப் பார். ஒட்டவில்லை என்றால் அது அலுமினியம், சில கார்களில் அப்படி வரும், அதில் இந்தச் சிவப்புத் துரு பிடிக்காது, ஆனாலும் அடைத்துவிடுவது நல்லது. பம்பர் பிளாஸ்டிக், அதில் கல் பட்டால் அழகுதான் போகும், விட்டுவிடு. நீ வாங்கியது பழைய கார் என்பதால் அந்தக் காந்தத்தைச் சக்கரத்துக்கு மேலேயும் கதவின் அடிப்பகுதியிலும் ஓட்டிப் பார், சுற்றிலும் பிடித்துவிட்டு ஒரு இடத்தில் மட்டும் பிடிக்காமல் வழுக்கினால் அங்கே யாரோ தடிமனாகப் பட்டி போட்டிருக்கிறார்கள். வாங்குவதற்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டியது, நீதான் வாங்கிவிட்டுச் சொன்னாயே.

சரி, வேலைக்கு வா. டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தால் தூணிலோ கதவின் ஓரத்திலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும், சில வண்டிகளில் பானட்டுக்கு அடியில் இருக்கும், அதில் நிறத்துக்கு ஒரு குறியீட்டு நம்பர் உண்டு. அதைச் சொல்லித்தான் டச்சப் பெயிண்ட் கேட்க வேண்டும், "சாம்பல் நிறம்" என்று கேட்டால் ஒருபாடு சாம்பல் இருக்கிறது. கூடவே சின்ன பிரைமர், கிளியர், தண்ணீரில் நனைத்துத் தேய்க்கிற 2000 நம்பர் வாட்டர் பேப்பர் வாங்கிக்கொள்.

காரை சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவிடு. கல் பட்ட இடத்தை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடை, மெழுகோ எண்ணெயோ கொஞ்சம் இருந்தாலும் பெயிண்ட் பிடிக்காது. தின்னர் வேண்டாம், சுற்றியிருக்கும் பெயிண்டைக் கெடுத்தாலும் கெடுத்துவிடும். துரு இருந்தால் பென்சிலின் பின்பக்க ரப்பரில் உப்புத்தாளை வட்டமாக வெட்டி ஒட்டி, அந்தக் குழியை மட்டும் பைய சுற்றித் தேய். சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுத் தேய்த்தால் கைதவறினாலும் பயமில்லை. பழுப்பு முழுக்கப் போய் தகரம் பளிச்சென்று தெரிகிற வரை தேய்க்க வேண்டும், இந்த வேலை மொத்தத்திலும் அவசரப்படக் கூடாத இடம் இது ஒன்றுதான். நான் ஏமாந்ததும் இங்கேதான். குழிக்குள் எவ்வளவு தேய்த்தும் போகாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும் துருவுக்கு ஒரு மருந்து கிடைக்கும், தடவினால் கறுத்துப்போகும். அம்மா வாழைக்காய் நறுக்கும்போது இரும்புக் கத்தி கறுக்குமே, கிட்டத்தட்ட அதே சமாசாரம், காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் வருகிற கறுப்பு. மருந்தை டப்பாவில் போட்டிருக்கிற நேரம் வரை காயவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

பிறகு பிரைமர். பாட்டிலோடு வருகிற பிரஷ் தடியாக இருக்கும், பல்குத்தும் குச்சியின் நுனியில் ஒரு துளி எடுத்துக் குழியில் வை, அது தானாகப் பரவும். தகரம் தெரிகிற இடம் முழுக்க மூட வேண்டும், சுற்றியுள்ள நல்ல பெயிண்டில் ஏறக்கூடாது. ஒரு மணி நேரம் போகட்டும். அப்புறம் நிறம். உன் கார் மினுங்குகிற நிறம், அந்த மினுக்குப் பொடி பாட்டிலின் அடியில் தங்கிவிடும், இரண்டு நிமிஷமாவது குலுக்கு. ஒரே தடவையில் குழியை நிரப்பப் பார்க்காதே, மெல்லிசாக இரண்டு மூன்று தடவை, ஒவ்வொன்றுக்கும் நடுவே அரை மணி நேரமாவது விடு, காயக் காய அது வற்றும். கடைசியில் கிளியர். நேர் வெயிலில் நின்று செய்யாதே, சூடான தகரத்தில் பெயிண்ட் பரவுவதற்கு முன்னாலேயே காய்ந்துவிடும், நிழலில் வைத்துக்கொள்.

மறுநாள் பார்த்தால் அந்த இடம் சின்ன பருப்பு மாதிரி புடைத்துக்கொண்டு, நிறமும் ஒரு பிடி கூடுதலாகத் தெரியும். கம்பெனியில் ஸ்பிரே அடித்த மினுக்கும் நாம் குச்சியால் வைத்த மினுக்கும் ஒரே மாதிரி படியாது, அதற்கு என்ன செய்ய. ஒரு வாரம் பத்து நாள் கழித்து வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து லேசாகத் தேய்த்து, ரப்பிங் காம்பவுண்ட் போட்டு மட்டம் பண்ணலாம். என்னைக் கேட்டால் வேண்டாம். தேய்க்கிற ஆசையில் சுற்றியிருக்கிற கிளியர் கோட்டையும் தேய்த்துத் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். திருஷ்டிப் பொட்டு என்று நினைத்துக்கொள். மெழுகு மட்டும் அந்த இடத்தில் ஒரு மாசத்துக்குப் போடாதே.

பெயிண்ட் வர நாள் ஆகும் என்றால் அதுவரைக்கும் நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைத்துவிடலாம், கழுவித் துடைத்த பிறகு, துரு இல்லாமல் இருந்தால் மட்டும். அதையே வைத்துக்கொண்டு வருஷத்தை ஓட்டிவிடாதே, உன்னை எனக்குத் தெரியும்.

இன்னொன்று சொல்ல மறந்தேன், இதை எழுதும்போதுதான் தோன்றியது. காரின் வெள்ளை நிறம் எங்கிருந்து வருகிறது தெரியுமா, டைட்டானியம் டை ஆக்சைடு என்கிற பொடியிலிருந்து. அதை எடுப்பது இல்மனைட் மாதிரியான மணலிலிருந்து, அந்த இல்மனைட்டை நம் மணல் ஆலையில் நம் கடற்கரையிலிருந்துதான் பிரித்தெடுக்கிறார்கள். அதே மணலில் இருக்கிற கார்னெட்டில் உப்புத்தாளும் செய்வார்கள். அடிக்கிற பெயிண்டும் தேய்க்கிற தாளும் ஒரே மண்ணில் கிடக்கிற ஊரில் இருந்துகொண்டு நான் ஒரு காரைத் துருவுக்குத் தின்னக் கொடுத்தேன்.

பனிக்காலம் முழுக்க, குளிர் கொஞ்சம் விட்ட நாளாகப் பார்த்து, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையாவது அடிப்பக்கமும் சேர்த்துக் கழுவுகிற இடத்துக்கு வண்டியைக் கொண்டுபோ. கதவுகளின் கீழ் விளிம்பில் தண்ணீர் வடிய சின்னத் துளைகள் இருக்கும், இலையும் மண்ணும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேயே நின்று கதவு உள்ளிருந்து அரிக்கும், ஒரு ஈர்க்குச்சி போதும். அங்கே ஈர்க்குச்சிக்கு எங்கே போவாய், வேறு ஏதாவது குச்சியால் குத்திவிடு.

நாளைக்கு வெளிச்சத்தில் நின்று அந்தப் புள்ளியைக் கிட்டக்கப் படம் எடுத்து அனுப்பு, ஃபிளாஷ் போடாதே, துருவா அழுக்கா என்று தெரியாது. ஸ்டிக்கரையும் ஒரு படம். அம்மா நேந்திரங்காய் சிப்ஸும் மரச்சீனி சிப்ஸும் பொதி கட்டி வைத்திருக்கிறாள், வருகிற ஆள் கையில் கொடுத்துவிடுகிறோம். அதற்குள் பிரைமர் வாங்கியிருக்க வேண்டும்.

அப்பா