நெய்யாததற்குத் துணி என்று பெயரா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சத்துவாச்சாரியில் வீட்டு வாசலிலேயே மெஷின் போட்டு இருபது வருடமாகத் தைத்து வருகிறேன். பிளவுஸ், பாவாடை, பள்ளிக்கூட யூனிபார்ம், அப்புறம் மூன்று நான்கு வருடமாக ஆர்டர் வந்தால் மஞ்சப்பையும்.

போன வாரம் லாங் பஜாரில் ஒரு கடையில் பேத்திக்குப் பாவாடைத் துணி எடுத்தேன். பை கொண்டுபோக மறந்துவிட்டேன். தைக்கிறவளே மறந்தால் மற்றவர்களை என்ன சொல்வது! "துணிப்பை இருக்கும்மா, பத்து ரூபாய்" என்று பச்சை நிறப் பை ஒன்றில் போட்டுக் கொடுத்தார்கள். பையில் ஒரு மரத்தின் படம். அதன் கீழே 'பிளாஸ்டிக்கைத் தவிர்ப்போம்' என்று எழுதியிருந்தது.

என் அப்பா குடியாத்தத்தில் கைத்தறி லுங்கி நெய்தவர். எந்தத் துணி கையில் கிடைத்தாலும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இழை பார்ப்பார். அந்தப் பழக்கம் எனக்கும் உண்டு. பச்சைப் பையைப் பிடித்துப் பார்த்தேன். நெடுக்கே ஓடும் பாவும் இல்லை, குறுக்கே ஓடும் ஊடையும் இல்லை. பொடிப் பொடியாகப் புள்ளி அழுத்தியிருந்தது, அவ்வளவுதான். ஓரத்தில் நூல் உருவப் பார்த்தேன், வரவில்லை. ஒரு துண்டு வெட்டிக் குச்சி கிழித்துக் காட்டினேன். சுருங்கி, உருகி, மிளகு அளவுக்கு உருண்டு இறுகிவிட்டது. மெஷின் அடியில் கிடந்த பருத்திக் காடாத் துணி வெட்டுத் துண்டையும் கொளுத்தினேன். காகிதம் எரிகிற வாசனை வந்தது. ஊதினால் பறந்துவிடும் சாம்பல்தான் மிஞ்சியது.

இந்த மாதிரிப் பையை 'நான் வோவன்' என்பார்கள். அப்படியென்றாலே நெய்யாதது என்றுதான் அர்த்தம். பிளாஸ்டிக் நாற்காலி செய்கிற அதே பாலிப்ரொப்பிலீனை உருக்கி இழையாக இழுத்து, சூடான உருளையில் அழுத்தி ஒட்டுகிறார்கள். நம் ஊர் வெயிலில் மாடியில் கொஞ்ச காலம் கிடந்தால் தொட்ட இடமெல்லாம் உதிரும். 2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு தடை செய்த பொருட்களின் பட்டியலிலேயே இந்தப் பையும் இருந்தது. அது இப்போது மரப் படத்தோடு துணிப்பை என்ற பெயரில் திரும்பி வந்திருக்கிறது.

கடைக்காரருக்கும் கஷ்டம் இருக்கிறது. ஒரு மீட்டர் காடாவில் நடுத்தரப் பை மூன்றுதான் தேறும். கைப்பிடிக்கு வேறு துணி வேண்டும். கைப்பிடி சேரும் இடத்தில் பெட்டி மாதிரி தைத்து, உள்ளே குறுக்குத் தையல் அடித்தால்தான் ஐந்து கிலோ அரிசி தாங்கும். கூலியையும் சேர்த்தால் பத்து ரூபாய்க்குக் கட்டாது. அதை நான் மறுக்கவில்லை. காசு குறைவு என்று அந்தப் பையை விற்கட்டும், ஆனால் துணி என்று சொல்லி விற்க வேண்டாம். கல்யாண வீட்டில் தாம்பூலத்தோடு கொடுத்த மஞ்சப்பை எங்கள் பீரோவிலேயே பதினொன்று இருக்கிறது. எல்லார் வீட்டிலும் இருக்கும். முதலில் அதை எடுத்துக்கொண்டு கிளம்பலாம். மீன், கறிக்கு மட்டும் தூக்கு வேண்டும், பையில் போட்டால் வாடை போகாது.

மாநகராட்சி ஊழியர்கள் கடைகளில் கேரி பேக் சோதனைக்கு வரும்போது கவுண்டரில் தொங்குகிற இந்தப் பச்சை, நீலப் பைகளைப் பார்த்துவிட்டு அப்படியே போய்விடுகிறார்கள். ஓரத்தில் ஒரு நூல் உருவிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தையல் தொழிலாளி,
சத்துவாச்சாரி, வேலூர்.