கீமோ மருந்தைக் கலப்பவர் யார், எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

அனைத்து மாவட்ட மருத்துவமனைகளிலும் மூன்று ஆண்டுகளுக்குள் பகல்நேரப் புற்றுநோய்ச் சிகிச்சை மையங்கள் அமைக்கப்படும் என்று 2025-26 மத்திய நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. ஒரு கீமோ ஊசிக்காக விடியற்காலைப் பேருந்தில் பெருநகரம் போய், வாந்தியோடு இரவில் ஊர் திரும்பும் நோயாளிகளைப் பணிக்காலம் முழுவதும் பார்த்தவள் என்ற முறையில் இதை மனமார வரவேற்கிறேன். ஆனால் எத்தனை படுக்கைகள், எத்தனை மருத்துவர்கள் என்று பேசப்படும் அளவுக்கு, மருந்தை யார், எந்த இடத்தில் கலக்கப்போகிறார்கள் என்பது பேசப்படவில்லை.

மார்பகப் புற்றுநோய்க்கு வழக்கமாக ஏற்றப்படும் சைக்ளோபாஸ்பமைடு, மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களின் முதல் வகைப் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமையால் சேர்க்கப்பட்ட மருந்து. நோயாளிக்குத் தீங்கைவிட நன்மை பெரிது என்பதால் அதைக் கொடுக்கிறோம். கொடுக்கும் செவிலியருக்கோ அதில் நன்மை எதுவும் இல்லை. இத்தகைய மருந்துகளைக் கையாண்ட செவிலியரின் சிறுநீரில் மரபணுவைப் பாதிக்கும் தன்மை கூடியிருந்ததை 1979-லேயே பின்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்டுவிட்டனர்.

பொடியாக உள்ள குப்பிக்குள் சலைனைச் செலுத்தும்போது உள்ளே அழுத்தம் ஏறுகிறது. ரப்பர் மூடியிலிருந்து ஊசியை உருவும் நொடியில் கண்ணுக்குத் தெரியாத திவலைகள் தெறிக்கின்றன. இந்த வேலை, தலைக்கு மேல் மின்விசிறி சுழலும் வார்டில், டிரிப் பாட்டில்களும் கேஸ் ஷீட்டுகளும் கிடக்கும் அதே மேசையில், சாதாரணக் கையுறையோடு நடப்பதை நான் கண்டிருக்கிறேன். டாக்சோரூபிசின் என்ற இன்னொரு கீமோ மருந்து சிவப்பு நிறம் என்பதால் ஒரு சொட்டுச் சிந்தினாலும் பதறித் துடைக்கிறோம். சைக்ளோபாஸ்பமைடுக்கு நிறமில்லை, ஆகவே அது மேசையிலும் பேனாவிலும் காய்ந்து கிடப்பது யாருக்கும் தெரிவதில்லை.

செய்ய வேண்டியவை புதியவை அல்ல. காற்றை வடிகட்டி உறிஞ்சும் பாதுகாப்புப் பெட்டியுள்ள தனி அறையில், பயிற்சி பெற்ற மருந்தாளுநர் கலந்து, மூடிய பையாக வார்டுக்கு அனுப்ப வேண்டும். டிரிப் குழாயை மருந்தால் நிரப்பாமல், முதலில் வெறும் சலைனால் நிரப்பிவிட்டு அதன்பின் மருந்துப் பையை இணைத்தால், குழாய் நுனியிலிருந்து தரையில் மருந்து சொட்டாது. இதற்குச் செலவே கிடையாது. சொல்லிக் கொடுக்க ஆள்தான் தேவை.

மருந்து ஏற்றிய பிறகும் ஏறத்தாழ 48 மணி நேரம் நோயாளியின் சிறுநீரிலும் வாந்தியிலும் அது வெளியேறுகிறது. நம் மருத்துவமனைகளில் அந்தப் பாத்திரத்தைக் கையுறையின்றி எடுத்து ஊற்றுபவர் நோயாளியின் தாயோ மனைவியோதான். முந்தானையால் நோயாளியின் வாயைத் துடைத்துவிட்டு அதே சேலையோடு பேருந்தில் வீடு திரும்புகிறார். அவரிடம் இதை எடுத்துச் சொல்வது யாருடைய பொறுப்பு என்று எந்த வார்டிலும் எழுதி வைத்திருந்து நான் பார்த்ததில்லை. இம்மருந்துகள் பட்ட கழிவைத் தனியாகக் குறியிட்ட மஞ்சள் பையில் சேர்த்து, 1,200 டிகிரி செல்சியஸுக்கு மேல் எரிக்க வேண்டும் என்கின்றன 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள். பையைத் தூக்கும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளருக்கு அதில் என்ன இருக்கிறது என்பது தெரியாது.

எனவே, புதிய மையங்களுக்கான கொள்முதல் பட்டியலில் நாற்காலிகளுக்கு முன்பாகக் கலவை அறையும் பாதுகாப்புப் பெட்டியும் இடம்பெற வேண்டும். கருவுற்ற, பாலூட்டும் செவிலியர்கள் கெஞ்சிக் கேட்காமலேயே அவர்களுக்கு மாற்றுப் பணி வழங்கும் எழுத்துபூர்வ ஆணையை, புதிய மையங்கள் திறக்கப்படுவதற்கு முன்பே சுகாதாரத் துறை பிறப்பிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் கண்காணிப்பாளர்,
தஞ்சாவூர்.