சிவராமனுக்கு: எரிவாயுவுக்குப் பணம் எப்படி வரும்?

கொழிஞ்சாம்பாறை,
பாலக்காடு மாவட்டம்.

அன்புள்ள சிவராமனுக்கு,

உன் கடிதம் ஓணத்துக்கு முந்தைய நாள் வந்து சேர்ந்தது. வீடு நிறையப் பேரப்பிள்ளைகள். நான்கு பக்கக் கடிதத்தை நான்கு தவணையாகத்தான் படிக்க முடிந்தது. கோமதிக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்துவிட்டது. நகரியிலிருந்து அண்ணன் விசாரித்தார் என்று சொன்னேன்; "நேரில் வந்து பார்க்கச் சொல்லுங்கள்" என்றாள். அதை அப்படியே உனக்கு அனுப்பிவிட்டேன்.

இங்கே தேங்காய் விலை உச்சத்தில் இருக்கிறது. பறிக்கத்தான் காய் இல்லை. வெள்ளை ஈயும் வேர்வாடலும் தோப்பைப் பாதியாக்கிவிட்டன. கள்ளுக்கு விட்டவர்கள் ஏதோ பிழைத்துக்கொள்கிறார்கள். சித்தூர்ப் புழையில் தண்ணீர் போகிறது. நடவு ஒருவழியாக முடிந்தது.

இனி உன் வாதத்துக்கு வருகிறேன். "அரசு எரிவாயு விலையை அவிழ்த்துவிடட்டும், வரியைக் குறைக்கட்டும், உலகத்துப் பணமெல்லாம் கோதாவரிக் கரையில் வந்து கொட்டும்" என்று எழுதியிருக்கிறாய். கடலில் துளையிடும் ரிக்கில் உப்புக்காற்று குடித்து வாழ்ந்தவன் நீ. கிணற்றுக்குள் என்ன இருக்கிறது என்பதில் உன்னோடு நான் மோத மாட்டேன். ஆனால் பணம் எப்போது வரும், எப்போது வாசலோடு திரும்பிப் போகும் என்பது என் தொழில். ஆயுள் முழுக்கக் கடன் விண்ணப்பங்களைப் புரட்டியவன் சொல்கிறேன்: விலை முக்கியம்தான், ஆனால் முதல் கேள்வி அது அல்ல. இன்று எழுதிக் கொடுக்கிற கணக்கு பத்தாவது வருடமும் நிற்குமா என்பதுதான் முதல் கேள்வி.

அரிசி ஆலைக்குக் கடன் கொடுத்தால், ஆலை ஓடாவிட்டாலும் இயந்திரத்தை விற்றுப் பாதியாவது தேற்றலாம். எரிவாயுக் கிணற்றை என்ன செய்வது? ஏலம், நில அதிர்வு அலை ஆய்வு, ஆய்வுக் கிணறு, மேம்பாட்டுத் திட்டம், அதற்கு ஒப்புதல், கடலடிக் குழாய் என்று பணம் முழுவதும் மண்ணுக்குள் போன பிறகுதான் முதல் கன மீட்டர் வாயு மேலே வரும். தோண்டியதைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போக முடியாது. அதுவரை கம்பெனியின் தயவை நாடிய அரசு, அன்றிலிருந்து கம்பெனியை மிரட்டலாம். முதலீட்டாளன் பயப்படுவது இந்தத் திருப்பத்தைத்தான். கடலின் ஆழம் அதற்கு அடுத்த பயம்.

கோதாவரிக் கரைக்கு எதிர்க்கடலில் இருக்கும் டி6 வயலின் கதையை எனக்குச் சொன்னதே நீதான். புதிய ஆய்வு உரிமக் கொள்கையின் முதல் சுற்றில் ரிலையன்ஸுக்குக் கொடுத்த பிளாக் (தோண்டிப் பார்க்க அரசு ஏலம் விடும் பகுதி), 2002-இல் கண்டுபிடிப்பு, 2009 ஏப்ரலில் வாயு வந்தது. விலை பத்து லட்சம் பிடியூவுக்கு (வாயுவை விற்கும் வெப்ப அளவு) 4.20 டாலர் என்று 2007-இலேயே அமைச்சர் குழு முடிவு செய்திருந்தது. நாளுக்கு 8 கோடி கன மீட்டர் வரும் என்று திட்டம். 2010-இல் 6 கோடியைத் தொட்டது, பிறகு சரிவுதான். போதுமான கிணறு தோண்டவில்லை என்றது அரசு, பாறை ஏமாற்றிவிட்டது என்றது கம்பெனி. போட்ட செலவை வருவாயில் கழிக்க விடமாட்டோம் என்று அரசு சொல்ல, விவகாரம் நடுவர் மன்றத்துக்குப் போனது. 2011-இல் தணிக்கை அதிகாரியின் அறிக்கையும் வந்து சேர்ந்தது.

இதில் உன் வாதத்துக்கு இடிக்கிற இடம் ஒன்று இருக்கிறது. அதே 2011-இல், அதே 4.20 டாலர் காலத்தில், ரிலையன்ஸின் பிளாக்குகளில் 30 சதவீதப் பங்குக்கு பிரிட்டனின் பிபி கம்பெனி 720 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. பணம் வராமல் இல்லை சிவராமா, வந்தது. வந்தவர்கள் பட்ட பாட்டைப் பார்த்துத்தான் அடுத்தவர்கள் வாசலில் நின்றுவிட்டார்கள்.

பாறையின் மேல் எனக்குக் கோபம் இல்லை. யாரும் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வரவில்லை. ஆனால் அந்த 8 கோடியை வேதவாக்காக எடுத்துக்கொண்டு ஆந்திராவில் மின் நிலையங்களைக் கட்டியவர்களுக்குக் கடன் கொடுத்தது எங்கள் சாதி, வங்கிக்காரச் சாதி. வாயு இல்லாமல் முடங்கிய நிலையங்களின் திறன் நாடு முழுக்கச் சுமார் 14,000 மெகாவாட் என்று கணக்கு எடுத்தார்கள். அதில் எத்தனை கோடி வாராக்கடனாகப் போயிற்று என்று நினைத்தால் ஓய்வூதியப் பணத்தில் காப்பி குடிக்கவே கூச்சமாக இருக்கிறது.

அடுத்தது விலை. 2014-இல் வெளிநாட்டுச் சந்தைகளோடு கட்டிய சூத்திரம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறும். அமெரிக்காவில் ஷேல் எனும் பாறை வாயு மலிந்தால் நம் கிணற்று வாயுவின் விலையும் விழும். இங்கே தோண்டும் செலவுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 2020 அக்டோபரில் 1.79 டாலர். 2022 அக்டோபரில் 8.57 டாலர். இரண்டே வருடத்தில் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு! இந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு எவன் பதினைந்து வருடத் திட்டம் போடுவான்? முதல் விலையில் தோண்டுபவனுக்கு வயிற்றெரிச்சல், இரண்டாவது விலையில் வாங்குபவனுக்கு. பிறகு அரசு அமைத்த கிரித் பாரிக் குழு வந்து, 2023 ஏப்ரலிலிருந்து பழைய வயல்களின் வாயுவுக்குக் கச்சா எண்ணெய் விலையில் பத்தில் ஒரு பங்கு; கீழே 4 டாலர், மேலே 6.50 டாலர் என்று வேலி போட்டார்கள். 2025 ஏப்ரலில் மேல்வேலி 6.75 ஆனது. உனக்கு இது கட்டுப்பாடு என்று எரிச்சல். எனக்கு இதுதான் அந்தக் குழு செய்த நல்ல காரியம். 4 டாலருக்குக் கீழே போகாது என்று தெரிந்தால் நான் கடன் மதிப்பீடு எழுதிவிடுவேன், 1.79-க்கும் 8.57-க்கும் நடுவே எங்கோ இருக்கும் என்றால் பேனாவை மூடி வைத்துவிடுவேன்.

வரிக் கதையை நீ மறந்தே போனாய். 2012-இல் பழைய தேதிக்குப் போட்ட வரி. ராஜஸ்தானில் மங்களா எண்ணெயைக் கண்டுபிடித்த கெய்ர்ன் நிறுவனத்தின் மேலேயே அது விழுந்தது. 2020 டிசம்பரில் சர்வதேச நடுவர் மன்றம் 120 கோடி டாலர் கொடு என்று தீர்ப்பு சொன்ன பிறகு, 2021-இல் அந்த வரியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். மூச்சு விடுவதற்குள் 2022 ஜூலையில் உள்நாட்டுக் கச்சா எண்ணெய்க்குத் திடீர் லாப வரி; 2024 டிசம்பரில்தான் எடுத்தார்கள். வாயுவுக்கு அது இல்லையே என்பாய். லண்டனில் உட்கார்ந்து கோப்பைப் புரட்டுகிறவனுக்கு எண்ணெயும் வாயுவும் ஒரே அமைச்சகம், ஒரே கையெழுத்து.

2016-க்குப் பிறகு செலவுக் கணக்குச் சண்டையே வேண்டாம் என்று வருகிற வருவாயில் முதலிலிருந்தே அரசு பங்கு எடுக்கும் முறைக்கு மாறினார்கள். தணிக்கைக்காரனுக்குச் சௌகரியம்தான். ஆனால் யாரும் தோண்டாத இடத்தில் முதலில் தோண்டுகிறவனிடம், போட்ட காசு திரும்புவதற்கு முன்பே 2019 வரை பங்கு கேட்டது எனக்குச் சரியாகப் படவில்லை. விரும்பிய இடத்தைக் கேட்டு எடுக்கலாம் என்ற புதிய ஏலத்தின் முதல் சுற்றில் 55 பிளாக்குகளில் 41 வேதாந்தாவுக்குப் போயின. மிச்சம் பெரும்பாலும் நம் அரசு நிறுவனங்களுக்கு. வெளிநாட்டுப் பெரிய கம்பெனிகள் எட்டிப் பார்க்கவில்லை.

வெளியூர்க் கதை ஒன்று சொல்கிறேன், எகிப்து. புரட்சிக்குப் பிறகு அங்கே வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு அரசு வைத்த நிலுவை 600 கோடி டாலரைத் தாண்டியது. காசு வராதபோது எவன் கிணறு தோண்டுவான்? உற்பத்தி விழுந்து, ஏற்றுமதி செய்த நாடு இறக்குமதிக்குக் கையேந்தியது. அரசு பாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்தது, புதுக் கிணறுகளின் வாயுவுக்கு விலையும் உயர்த்திக் கொடுத்தது. 2015 ஆகஸ்டில் இத்தாலியின் எனி கம்பெனி ஜோர் என்ற வாயு வயலைக் கண்டுபிடித்தது. 2017 டிசம்பரிலேயே வாயு வந்துவிட்டது. ஆழ்கடலில் அந்த வேகம் எவ்வளவு அபூர்வம் என்பது என்னைவிட உனக்குத் தெரியும். நாடு மறுபடி ஏற்றுமதிக்குத் திரும்பியது. பிறகு டாலர் பஞ்சம், மறுபடி நிலுவை, வயல்களிலும் சரிவு. 2024 கோடையில் கெய்ரோவில் மின்வெட்டு, திரவ வாயு இறக்குமதி. பாக்கி அடைந்தபோது கிணறு வந்தது, பாக்கி சேர்ந்தபோது ரிக் நின்றது. விலை இருக்கட்டும், சொன்ன தேதிக்குக் காசு வந்ததா என்று கேள்.

நம் ஊரிலும் பார். கொச்சி புதுவைப்பில் வருடத்துக்கு 50 லட்சம் டன் கையாளும் திரவ வாயு முனையம் 2013-இல் தயாராகிவிட்டது. மங்களூருக்கான 450 கிலோமீட்டர்க் குழாய் 2021 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது. நடுவில் அத்தனை வருடம் முனையம் பெரும்பாலும் சும்மா கிடந்தது. தமிழ்நாட்டுப் பக்கம் போகும் குழாயைக் கொங்கு விவசாயிகள் எதிர்க்க, 2013-இல் மாநில அரசு தடுத்து, 2016-இல் உச்ச நீதிமன்றமும் அந்தத் தடை செல்லாது என்றது.

வாளையாறு பக்கம் என் மைத்துனர் தோப்பு வழியாகவும் குழாய் போகிறது. போன மாதம் போயிருந்தபோது செருப்புக் காலால் தட்டிக் காட்டினார். இந்தக் குறியீட்டுக் கம்பத்திலிருந்து அந்தக் கம்பம் வரை தென்னை கூடாது, மா கூடாது. வேர் ஆழமாகப் போகும் எதுவும் கூடாது. நடுவே பாசிப்பயறு போட்டிருக்கிறார். இரண்டு பக்கமும் தென்னை உயர்ந்து நிற்க, நடுவில் மட்டும் தலை வாரி வகிடு எடுத்தாற்போல வானம் தெரிகிறது. 1962-ஆம் வருடச் சட்டப்படி நிலம் அவருடையதுதான், பயன்படுத்தும் உரிமை மட்டும் போய்விட்டது. அதற்குச் சட்டம் சொல்லும் ஈடு நிலமதிப்பில் பத்து சதவீதம். மரங்களுக்குத் தனியாகக் கொடுத்தார்கள், குறை சொல்லவில்லை. ஓரத்தில் ஆழ்துளைக் கிணறு போடலாமா, எத்தனை மீட்டர் தள்ளிப் போட வேண்டும் என்று எழுதிக் கேட்டாராம். பதிலே இல்லை. நேரில் போனால், "வாய்மொழியாகச் சொன்னால் போதாதா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

லண்டன்காரன் எழுத்தில் கேட்பதைத்தான் இவரும் கேட்கிறார். ஆழியாற்று ஒப்பந்தத்தை எடுத்துக்கொள். 1970-இல் தமிழ்நாடும் கேரளமும் தண்ணீரைப் பங்கிட்டு எழுதிக்கொண்டது. மணக்கடவு வழியாகச் சித்தூருக்கு வருடம் 7.25 டிஎம்சி. ஒவ்வொரு கோடையிலும் சண்டை, கடிதம், மறியல். ஆனாலும் இவ்வளவு தண்ணீர் என்று எழுத்தில் இருப்பதால்தான் இங்கே நாற்றங்கால் போடுகிறோம்.

டெல்டாவில் நெடுவாசல் கிராமம் 2017-இல் எரிவாயுத் திட்டத்தை எதிர்த்துக் கிளம்பியதையும், 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்ததையும் நீ "முதலீட்டை விரட்டும் வேலை" என்று ஒரு வரியில் தள்ளிவிட்டாய். அதற்குத்தான் எனக்குக் கோபம் வந்தது. 2014 ஜூனில் உங்கள் ஆந்திராவின் கோனசீமாவில் நகரம் என்ற கிராமத்தில் குழாய் வெடித்து, விடியற்காலையில் இருபதுக்கு மேற்பட்டவர்கள் கருகிப் போனார்களே. அதைத் தொலைக்காட்சியில் பார்த்த தஞ்சாவூர்க்காரன் பயப்படாமல் இருப்பானா? குழாயைப் பராமரிக்கும் செலவும், ஊர்க்கூட்டத்தில் உட்கார்ந்து பதில் சொல்லும் நேரமும் திட்டச் செலவில் சேர்ந்தவை. அதை விட்டுவிட்டுப் போட்ட கணக்கு வங்கியில் தேறியிருக்கலாம், ஊரில் தேறாது.

நாட்டின் மொத்த எரிசக்தியில் வாயுவின் பங்கை 6 சதவீதத்திலிருந்து 2030-க்குள் 15 ஆக்குவோம் என்கிறார்கள். இப்போதே தேவையில் பாதியளவு கப்பலில் வருகிறது. 1948-ஆம் வருட எண்ணெய் வயல் சட்டத்தை 2025-இல் திருத்தி, குத்தகை நிபந்தனை இடையில் மாறாது, தகராறு வந்தால் நடுவர் மன்றத்துக்குப் போகலாம் என்று வைத்திருக்கிறார்கள். நல்லது. ஆனால் கச்சா எண்ணெய் அடுத்த முறை நூறு டாலரைத் தாண்டட்டும். அப்போதும் இதில் கை வைக்காமல் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு நான் கைதட்டுகிறேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். 1995-இல் அதே கோனசீமாவின் பாசர்லபூடியில் எரிவாயுக் கிணறு வெடித்து இரண்டு மாதத்துக்கு மேல் எரிந்தபோது நீ அந்தப் பக்கம்தானே இருந்தாய்? தீயை அணைத்த கதையைப் பலமுறை சொல்லியிருக்கிறாய். சுற்றியிருந்த தென்னந்தோப்புக்காரர்களுக்கு என்ன கொடுத்தார்கள், எப்போது கொடுத்தார்கள் என்று ஒருதரமும் சொன்னதில்லை. நினைவிருக்கும் மட்டும் எழுது. மைத்துனர் கேட்கிறார், எனக்கும் தெரிய வேண்டும்.

முதலமடை மாங்காய் இறங்கும் நேரத்துக்கு வந்துவிடு. தங்கை லட்சுமியையும் அழைத்து வா. திருப்பதியிலிருந்து பாலக்காட்டுக்கு ரயில் இருக்கிறது. நிலையத்துக்கு நான் வந்து நிற்கிறேன்.

அன்புடன்,
வேலுச்சாமி