மறதி நோய்க்கு வலி மாத்திரையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

அல்சைமர் என்ற மறதி நோய் பற்றி எழுதும்போதெல்லாம் 'மூளையில் அழற்சி, அதைத் தணித்தால் போதும்' என்ற வரி தலைகாட்டுகிறது. அழற்சி இருப்பது உண்மை. தணித்தால் போதும் என்பதில்தான் சிக்கல்.

மூளையில் காவலும் துப்புரவும் மைக்ரோகிளியா செல்களின் வேலை. கிருமியை அடையாளம் காண அவற்றின் மேல் சில ஏற்பிகள் (உணரும் புரதங்கள்) பிறவியிலேயே உண்டு. பாக்டீரியாவின் உறைப்பொருளை உணரும் டிஎல்ஆர்4 அவற்றில் ஒன்று. அல்சைமரில் மூளையில் படியும் அமிலாய்டு பீட்டா என்ற புரதத்தின் இழை ஒட்டினாலும் அது கிருமி வந்ததாகவே எடுத்துக்கொள்கிறது. உடனே செல்லுக்குள் அழற்சியைக் கிளப்பும் இன்டர்லூகின்-1 பீட்டாவின் முதிராத வடிவமும், என்எல்ஆர்பி3 என்ற புரதமும் உற்பத்தியாகின்றன. இதுவரை ஆயத்தம் மட்டுமே. அடுத்து, செல் விழுங்கிய அமிலாய்டு செரிக்காமல் லைசோசோம் என்ற செரிமானப் பையைக் கிழிக்கிறது. நொதிகள் கசிகின்றன, பொட்டாசியம் வெளியேறுகிறது. அப்போதுதான் என்எல்ஆர்பி3 விழித்து, ஏஎஸ்சி என்ற புரதத்தைத் திரட்டி, கேஸ்பேஸ்-1 நொதியை முடுக்குகிறது. அது வெட்டிவிட்ட இன்டர்லூகின் வெளியே பாய்ந்து அக்கம்பக்கத்து நரம்புகளைப் பாதிக்கிறது. செத்த செல்லிலிருந்து சிதறும் ஏஎஸ்சி துகள்கள், பால் உறைய இட்ட மோர் போல, புதிய அமிலாய்டு திரளவும் காரணமாவதை 2017இல் எலிகளில் கண்டார்கள்.

அப்படியானால் எல்லா ஏற்பிகளையும் அடைத்துவிடலாமே? கூடாது. ட்ரெம்2 என்ற இன்னொரு ஏற்பிதான் மைக்ரோகிளியாவை அமிலாய்டு திட்டைச் சுற்றி நெருக்கமாக அணைகட்ட வைக்கிறது. அதன் 47ஆம் இடத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் போய் ஹிஸ்டிடின் வந்தவர்களுக்கு அல்சைமர் அபாயம் 2 முதல் 4 மடங்கு என்று 2013இல் தெரிந்தது. அணை தளர்ந்தால் திட்டு முள்முள்ளாய்ப் பரவி, அருகிலுள்ள நரம்பிழைகளைச் சிதைக்கிறது. அதற்காக இந்த ஏற்பியைத் தூண்டினால் நோய் நின்றுவிடும் என்றும் சொல்வதற்கில்லை: அப்படித் தூண்டும் ஏஎல்002 மருந்து 2024இல் இரண்டாம் கட்டச் சோதனையில் தோற்றது.

வலி மாத்திரைகளும் அழற்சியைத் தணிப்பவைதானே என்ற கணக்கும் முன்பே பார்த்தாகிவிட்டது. அமெரிக்காவின் 'அடாப்ட்' ஆய்வில், குடும்பத்தில் மறதி நோய் உள்ள, 70 வயது கடந்தவர்களுக்கு நாப்ராக்சன் 220 மி.கி. அல்லது செலிகாக்சிப் 200 மி.கி. வலி மாத்திரையைத் தினம் இருவேளை கொடுத்தார்கள். இதயப் பாதிப்பு பற்றிய அச்சத்தால் 2004 டிசம்பரில் நிறுத்தினார்கள், மறதியும் தடுக்கப்படவில்லை. இம்மாத்திரைகள் வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளின் உற்பத்தியைக் குறைப்பவை. மேலே சொன்ன ஏற்பிகளைத் தொடுவதே இல்லை. முதியவருக்கு இதைத் தினமும் கொடுத்தால் வயிற்றுப் புண்ணும் சிறுநீரகக் கோளாறும்தான் மிச்சம்.

வீட்டில் கவனிக்க வேண்டியது வேறு. உடலில் எங்கோ தொற்று வந்தாலும் அதன் சேதி மூளை மைக்ரோகிளியாவை எட்டுகிறது. உடலில் இப்படித் திடீர் அழற்சி கண்ட அல்சைமர் நோயாளிகளுக்கு, அடுத்த 6 மாதங்களில் நினைவுச் சரிவு இரு மடங்கு வேகமானதை 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. நேற்றுவரை பேரனை அடையாளம் கண்டவர் இன்று காலை பிதற்றினாலோ, எழுப்பியும் எழாமல் கிடந்தாலோ, 'மறதி முற்றிவிட்டது' என்று விட்டுவிடாதீர்கள். அல்சைமர் ஒரே இரவில் முற்றாது. நுரையீரல் தொற்றா, சிறுநீர்த் தொற்றா, படுக்கைப் புண்ணா, சோடியம் குறைவா, புதிதாகத் தொடங்கிய தூக்க மாத்திரையா என்று அன்றைக்கே மருத்துவரிடம் காட்டிப் பார்க்க வேண்டும். முதியவர்களுக்குத் தொற்று இருந்தும் காய்ச்சல் அடிக்காமல் போகும். தெர்மாமீட்டர் 98 காட்டுகிறதே என்று காத்திருக்கக் கூடாது.

இப்படிக்கு,
நரம்பியல் துறை வாசகர்