ஆண்டறிக்கை: பைசாந்தியப் போர் ஓவியங்களோடு ஓர் ஆண்டு

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பைசாந்தியப் பேரரசின், அதாவது கிழக்கு ரோமானியப் பேரரசின், கையெழுத்து ஏடுகளில் உள்ள போர்க் காட்சிகளை மட்டுமே நமது ஓவிய வாசிப்பு வட்டம் இந்த ஆண்டு முழுக்கப் பார்த்தது. ஒரே பொருளை வைத்துப் பன்னிரண்டு மாதம் ஓட்ட முடியுமா என்று சென்ற பொதுக்குழுவில் சிலர் தயங்கினார்கள். மாட்ரிட் ஏட்டைத் திறந்ததும் அந்தத் தயக்கம் போய்விட்டது.

ஸ்பெயின் தேசிய நூலகத்தில் உள்ள அந்த ஏடு, 811 முதல் 1057 வரை ஆண்ட பேரரசர்களைப் பற்றி யோவான் ஸ்கைலிட்ஸெஸ் எழுதிய வரலாறு. அதில் 574 படங்கள். நூலகமே இணையத்தில் ஏற்றியிருப்பதால் பெரிதாக்கிப் பார்க்க முடிந்தது. நாம் அதிக நேரம் நின்றது, கடற்போரில் எதிரிக் கப்பல்கள் மீது பைசாந்தியர் பீய்ச்சிய எரிதிரவமான 'கிரேக்க நெருப்பு'ப் படத்தில். துடுப்பு வலிப்பவர்கள் வரிசையாக இருக்க, கப்பலின் முன்பகுதியில் ஒருவன் குழாயைப் பிடித்திருக்கிறான். அதன் வாயிலிருந்து சீறும் தீ எதிரிப் படகைத் தொட்டுவிட்டது. "ரோமானியர் கப்பற்படை எதிரிகளின் கப்பற்படையை எரிக்கிறது" என்று மேலே கிரேக்கத்தில் எழுதியிருக்கிறது. பைசாந்தியர் தங்களை ரோமானியர் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள்.

அப்புறம்தான் விவாதம் சூடு பிடித்தது. அந்தப் படம் காட்டுவது 821-823இல் தாமஸ் என்பவன் பேரரசருக்கு எதிராக நடத்திய கலகம். ஏடோ 12ஆம் நூற்றாண்டில், நார்மன் அரசர்கள் ஆண்ட சிசிலியில் உருவானது. இடையில் சுமார் முந்நூறு ஆண்டுகள். வரைந்ததும் ஒரே கை அல்ல. சிலர் பைசாந்திய பாணியிலும் சிலர் மேற்கத்திய பாணியிலும் வரைந்திருக்கிறார்கள். ஆகவே கவசத்தையும் கேடயத்தையும் பார்த்து 9ஆம் நூற்றாண்டுப் படை இப்படித்தான் இருந்தது என்று முடிவு கட்டக் கூடாது. செயலாளராக நான் இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஓவியர் முன்னால் இருந்தது போர்க்களம் அல்ல. நூலின் வாசகமும், கற்றுக்கொண்ட பழைய மாதிரிகளும்தான்.

பைபிளில் வரும் தலைவர் யோசுவாவின் போர்களை வரைந்த, வத்திக்கான் நூலகத்தின் யோசுவா சுருளில் இது இன்னும் தெளிவு. 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அதன் நீளம் சுமார் 10 மீட்டர். அசல் நீளத்துக்கே அச்சிட்டுக் கூடத்தில் விரித்தோம். இடம் போதாமல் கடைசிப் பகுதி வராந்தாவுக்குப் போனது. செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நடந்தே எல்லோரும் பார்த்தோம். வீரர்களின் உடை, நிற்கும் தோரணை எல்லாம் பழைய ரோமானியக் கலையிலிருந்து வந்தவை. நகரங்கள்கூட மதில் வடிவக் கிரீடம் சூடிய பெண்களாக உட்கார்ந்திருக்கின்றன. சிரியா மீது அந்த நூற்றாண்டில் நடந்த பைசாந்தியப் படையெடுப்புகளின் எதிரொலி இந்தச் சுருள் என்று அறிஞர் சிலர் கருதுகிறார்கள். வேதக் கதையை வரைந்துகொண்டே தம் காலத்துப் பேரரசனைப் போற்றுவது நடக்கக்கூடியதுதான்.

(முதல் தடவை அச்சகத்தார் நீளத்தைச் சுருக்கிவிட்டதால் மறுபடி அச்சிட வேண்டியதாயிற்று. அந்தச் செலவைப் பொருளாளர் தனியாகக் காட்டியிருக்கிறார்.)

வெனிஸில் உள்ள, பேரரசன் இரண்டாம் பசிலின் சங்கீத ஏட்டுக்கு (பைபிளின் சங்கீதங்கள் என்ற துதிப்பாடல்கள் அடங்கியது) ஒரு கூட்டம்தான் ஒதுக்க முடிந்தது. கவசம் அணிந்து நிற்கும் பேரரசனின் காலடியில் சிலர் விழுந்து கிடக்கிறார்கள். அவர்களின் முகங்களை நிதானமாகப் பார்க்க நேரமில்லாமல் போனது எனக்குக் குறைதான். வரும் ஆண்டின் முதல் கூட்டத்தை அந்த ஒரு பக்கத்துக்கே ஒதுக்கச் செயற்குழு ஒப்புக்கொண்டிருக்கிறது.

இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்